சிறிய இடத்தில் மாடல் ரயில் லேஅவுட்: திட்டமிடுவதற்கான முழுமையான வழிகாட்டி

சின்ன இடத்தில் மாடல் ரயில் போட வருபவர்கள் முதலில் கேட்பது "எந்தத் தடம் வாங்கலாம்?" என்பதுதான். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. அதை முதலில் கேட்டவர்கள் பலரின் லேஅவுட் (பலகையில் போடும் முழு ரயில் அமைப்பு) ஒரே மாதிரிதான் முடிகிறது: ஒரு வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம், மிச்ச இடத்தில் மூன்று சைடிங் (வேகன்களை ஒதுக்கி நிறுத்தும் கிளைத் தடம்), அவற்றை இணைக்க ஒரு குறுக்குப் பாதை. பலகை முழுக்க இடியாப்பச் சிக்கலாகத் தடம் இருக்கும், ஆனால் எந்த சைடிங்கிலும் இரண்டு பெட்டிக்கு மேல் நிற்காது.

சின்ன இடத்தை உண்மையில் தின்பது நம் கண்ணுக்குத் தெரியும் தடம் அல்ல. பாயின்ட்டின் (ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் துண்டின்) நீளம், எஞ்சின் ஒதுங்கி நிற்க வேண்டிய நீளம், பெட்டிகள் உரசாமல் இருக்க விட வேண்டிய இடைவெளி, நம் கை போய்வர வேண்டிய வழி ஆகியவைதான். இவற்றை முதலில் கழித்துவிட்டு மிச்சத்தில் ரயிலைப் பொருத்த வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்கானது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, பென்சில், பலகையின் முழு நீளத்துக்கும் விரிக்கக்கூடிய சுருள் காகிதம், கொஞ்சம் அட்டை. ஒரு வேகனும் ஒரு எஞ்சினும் இருந்தால் நல்லது. இல்லையென்றால், வாங்க நினைக்கும் மாதிரிகளின் நீளத்தைத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். கொக்கியோடு சேர்த்த நீளம்தான் வேண்டும், உடலின் நீளம் மட்டும் போதாது.

தடம், பாயின்ட், மரம் எதுவும் இப்போது வேண்டாம். வாங்கிவிட்டால் அதைப் பொருத்துவதற்காகத் திட்டத்தை வளைப்பீர்கள்.

2. ரயில் என்ன வேலை செய்யப்போகிறது என்று முடிவுசெய்யுங்கள்

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரயில் சுற்றிச் சுற்றி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க விருப்பமா? அல்லது வேகன்களைப் பிரித்து, சேர்த்து, ஒதுக்கி ஷண்டிங் செய்ய விருப்பமா? முதலாவதற்குப் பலகையில் அகலம் வேண்டும். இரண்டாவதற்கு நீளம் போதும், 30 செ.மீ. அகலமே தாராளம்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு என் பதில்: இருப்பது ஒரு மேசையளவு இடம் என்றால் ஒன்றைத்தான் நன்றாகச் செய்ய முடியும். ஓடுவதைப் பார்ப்பது பத்து நிமிடத்தில் சலித்துவிடும் ஆளா நீங்கள் என்பதை நேர்மையாக யோசியுங்கள். நான் அப்படித்தான் என்று தெரிய எனக்கு இரண்டு லேஅவுட் பிடித்தது.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒரு சிறு நிலையம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். ரயில் ஒரு பாலத்துக்கோ கட்டடத்துக்கோ பின்னால் மறைந்து, அங்கே ஒரு மறைவான யார்டில் நிற்கும். அந்த யார்டு வெளி உலகம் மாதிரி: எங்கிருந்தோ வந்தது, எங்கோ போனது. இதைத் தேர்ந்தெடுத்தால் பார்வைக்குரிய பகுதிக்கு ஈடான நீளம் மறைவுக்கும் வேண்டும் என்பதை இப்போதே எழுதிவையுங்கள். இதை மறந்தவர்களின் ரயில் பாதி உடலோடு சுவரில் முட்டி நிற்கும்.

3. இடத்தை அளக்கும்போது மனிதரையும் அளங்கள்

பலகை எங்கே இருக்கும், பயன்படுத்தாதபோது எங்கே போகும், அங்கே போகும் வழியில் எந்தக் கதவு, எந்த மாடிப்படித் திருப்பம் இருக்கிறது: மூன்றையும் அளங்கள். ஒரே துண்டாகக் கட்டுவது 120 செ.மீ. வரை சுலபம், அதற்கு மேல் ஒருவரால் தூக்கித் திருப்புவது கஷ்டம். அதைவிட நீளம் வேண்டுமென்றால் இரண்டு துண்டாகத் திட்டமிட்டு, சேரும் கோட்டைக் காகிதத்தில் இப்போதே வரையுங்கள். அந்தக் கோட்டின் மேல் எந்தப் பாயின்ட்டும் வரக்கூடாது.

சுவரோரம் வைப்பதானால் அகலம் 60 செ.மீ.யைத் தாண்ட வேண்டாம். தடம்புரண்ட வேகனை எடுக்கக் கை நீட்டும்போது முன்னால் உள்ள விளக்குக் கம்பமும் மரமும் சட்டையில் சிக்கி ஒடிவது அகலமான பலகைகளில்தான். 75 செ.மீ. வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்ய வழி இருக்க வேண்டும்.

4. ஸ்கேலைத் தேர்ந்தெடுப்பது

ஸ்கேல் என்பது நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்கியிருக்கிறார்கள் என்ற விகிதம். எச்ஓ (HO) என்பது 1:87, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. ஓஓ என்பது 1:76, ஆனால் இடைவெளி அதே 16.5 மி.மீ. டிடி 1:120, இடைவெளி 12 மி.மீ. 'என்' (N) ஸ்கேல் பெரும்பாலான நாடுகளில் 1:160. பிரிட்டன் மாதிரிகள் 1:148, ஜப்பான் மாதிரிகள் பெரும்பாலும் 1:150. மூன்றும் ஓடுவது 9 மி.மீ. தடத்தில். இசட் 1:220, இடைவெளி 6.5 மி.மீ.

ஒரே தடத்தில் ஓடுவதால் ஒரே ஸ்கேல் என்று நினைத்துவிடாதீர்கள். 1:76 கட்டடத்தின் பக்கத்தில் 1:87 எஞ்சின் நின்றால், ஏன் என்று சொல்லத் தெரியாமலே கண் உறுத்தும்.

இடம் குறைவு என்றதும் மிகச் சிறிய ஸ்கேலுக்குத் தாவுவது சரியான முடிவாக இருக்க வேண்டியதில்லை. எஞ்சின் சிறிதாக ஆக எடையும் குறைகிறது, தண்டவாளத்தின் தூசு அதன் ஓட்டத்தை அதிகம் கெடுக்கிறது. மெதுவாக ஷண்டிங் செய்ய வேண்டுமானால் எச்ஓ அல்லது ஓஓவில் சின்ன வேகன்களை வைத்துக்கொள்வது, இசட்டில் பெரிய ரயிலை வைத்துக்கொள்வதைவிட நிம்மதி. சுற்றி ஓடும் ரயில்தான் ஆசை என்றால் 'என்' ஸ்கேல்.

5. நீளக் கணக்கு: இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்

உதாரணத்துக்கு, ஆலன் ரைட் வடிவமைத்த இங்கிள்நூக் சைடிங்ஸ் என்ற புகழ்பெற்ற அமைப்பை எடுத்துக்கொள்வோம். இரண்டே பாயின்ட், மூன்று சைடிங். ஒன்றில் 5 வேகன், மற்ற இரண்டிலும் 3 வேகன் நிற்கும். எதிர்ப்பக்கம் ஷண்டிங் நெக் (எஞ்சின் வேகன்களோடு பின்வாங்கி நிற்கும் முட்டுத் தடம்): எஞ்சினும் 3 வேகனும் மட்டும் கொள்ளும். மொத்தம் 8 வேகன். சீட்டுக் குலுக்கி 5 வேகனைத் தேர்ந்து, சீட்டு வந்த அதே வரிசையில் நீள சைடிங்கில் ஒரு ரயிலாகக் கோர்க்க வேண்டும். 8×7×6×5×4, அதாவது 6720 விதமான வரிசை வரலாம் என்பதால் பலகை சிறிதானாலும் விளையாட்டு தீர்வதில்லை.

எச்ஓவில் கணக்கிடுவோம். கொக்கியோடு 9 செ.மீ. உள்ள இரண்டு அச்சு வேகன், 12 செ.மீ. எஞ்சின், 18.5 செ.மீ. பாயின்ட்.

ஷண்டிங் நெக்: 12 + 27 = 39 செ.மீ., கை நடுங்க 3 செ.மீ. சேர்த்து 42. பிறகு பாயின்ட் 18.5. அடுத்தது பலரும் மறப்பது: பாயின்ட் முடிந்ததுமே வேகன் நிறுத்த முடியாது. இரு தடங்களும் போதுமான அளவு விலகும் வரை பக்கத்துத் தடத்தில் போவது உரசும். உரசாத இடம் தொடங்குவதைக் காட்டுவதுதான் ரயில்வேயில் சொல்லும் ஃபௌலிங் மார்க். இந்த மாதிரி சின்னப் பாயின்ட்டுக்கு அது சுமார் 10 செ.மீ. தள்ளி வரும். அதன்பின் 5 வேகன், 45 செ.மீ., மேலும் 3. மொத்தம் 118.5. ஆக 120 செ.மீ. பலகை மட்டுமட்டாகப் போதும்.

இப்போது 3 வேகன் சைடிங்கைப் பாருங்கள். முதல் பாயின்ட் 18.5, இரண்டாவது பாயின்ட் 18.5, உரசல் இடைவெளி 10, வேகன் 27, மேலதிகம் 3: மொத்தம் 77. நீள சைடிங் அதே இடத்திலிருந்து 76.5. இரண்டாவது பாயின்ட் தின்னும் நீளம் ஏறக்குறைய இரண்டு வேகன். அதனால்தான் 5-3-3 என்பது பலகையின் ஓரத்தில் ஒரே கோட்டில் வந்து முடிகிறது. இதைக் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்களுக்குப் பாயின்ட் என்பது இலவசம் அல்ல என்று புரிந்துவிடும். ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் விலை இரண்டு வேகன்.

அதே அமைப்பில் 15 செ.மீ. வேகனும் 15 செ.மீ. எஞ்சினும் வைத்தால் நீளம் சுமார் 170 செ.மீ. ஆகிவிடும். தடத்தைத் தொடாமல், சின்ன வேகனைத் தேர்ந்தெடுத்ததாலேயே அரை மீட்டர் மிச்சம். 'என்' ஸ்கேலில், 5.5 செ.மீ. வேகனும் 7 செ.மீ. எஞ்சினும் என்றால் 75 செ.மீ. பலகையே போதும்.

ஷண்டிங் நெக்கில் கஞ்சத்தனம் கூடாது. என் முதல் பலகையில் அது 4 செ.மீ. குறைந்தது. மூன்றாவது வேகனின் பின்சக்கரம் பாயின்ட்டின் நாக்குத் தண்டவாளத்தின் (பாதையை மாற்ற நகரும் துண்டின்) மேலேயே நின்றது. பாயின்ட்டைத் திருப்ப முடியவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டிரண்டு வேகனாக இழுக்க வேண்டியதாயிற்று, சில வரிசைகளைக் கோர்க்கப் பொறுமை போதவில்லை. சரிசெய்ய ஒரே வழி, பலகையின் ஓரத்தில் ஒரு துண்டை ஒட்டவைப்பது. இன்றும் அந்தப் பலகை ஒரு நாக்கை நீட்டிக்கொண்டுதான் அலமாரியில் இருக்கிறது.

எஞ்சின் ரயிலின் மறுமுனைக்குப் போக லூப் (இரு முனையிலும் பாயின்ட்டால் சேரும் பக்கத் தடம்) வைப்பதானாலும் இதே கணக்குதான். லூப்பின் பயன்படும் நீளம் இரு பாயின்ட்டுகளுக்கு இடையிலான தூரம் அல்ல. இரு ஃபௌலிங் மார்க்குகளுக்கு இடையிலான தூரம். கடைசிப் பாயின்ட்டைத் தாண்டி எஞ்சின் முழுதாக நிற்க இடமும் வேண்டும்.

6. வளைவு: பலகையின் அகலத்தைத் தீர்மானிப்பது இதுதான்

ஷண்டிங் பலகை போடுபவர்கள் இந்தப் படியை வேகமாகக் கடக்கலாம். வட்டம் போடுபவர்களுக்கு ஒரு எளிய கணக்கு: வளைவின் ஆரம், உங்களிடம் உள்ள மிக நீளமான பெட்டியைப் போல் குறைந்தது மூன்று மடங்கு இருக்க வேண்டும். இரண்டு மடங்கில் ஓடக்கூடும், ஆனால் பெட்டியின் மூலைகள் தடத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு பொம்மை மாதிரி தெரியும், கொக்கிகளும் அடம்பிடிக்கும்.

எச்ஓவில் 14 செ.மீ. சரக்கு வேகனுக்கு 42 செ.மீ. ஆரம். முழு நீளப் பயணிகள் பெட்டி 30 செ.மீ. வரை வரும், அதற்கு 90 செ.மீ. ஆரம், அதாவது ஒரு திருப்பத்துக்கே கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் அகலம். சின்ன இடத்தில் நீளமான எக்ஸ்பிரஸ் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்குக் காரணம் இது.

பலகையின் அகலத்துக்கு ஆரத்தை இரட்டிப்பாக்கி, இருபுறமும் குறைந்தது 4 செ.மீ. விளிம்பு சேர்க்க வேண்டும். 'என்' ஸ்கேலில் 249 மி.மீ. ஆரம் 60 செ.மீ. பலகையில் அடங்கும், 282 மி.மீ. ஆரம் அடங்காது. விளிம்பை விடாமல் தடத்தை ஓரம் வரை தள்ளினால், தடம்புரளும் எஞ்சின் நேராகத் தரையில் விழும்.

வலப்பக்க வளைவை உடனே இடப்பக்க வளைவோடு இணைக்காதீர்கள். அடுத்தடுத்த இரு பெட்டிகளின் முனைகள் அந்த இடத்தில் எதிரெதிர்ப் பக்கம் ஒதுங்கும். கொக்கி ஒன்றையொன்று பக்கவாட்டில் இழுத்து, பின்னோக்கித் தள்ளும்போது தடம்புரளும். இடையில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர்த்தடம் வையுங்கள்.

7. முதலில் கோடு, பிறகு முழு அளவில் காகிதம்

கையால் ஒற்றைக் கோட்டில் வரையுங்கள். அளவு பார்க்க வேண்டாம். எது எதோடு சேர்கிறது என்பது மட்டும் போதும். இந்தப் படத்தில் விரலை எஞ்சினாக வைத்து ஒரு முழு வேலையைச் செய்து பாருங்கள். விரல் ரயிலுக்கும் பஃபருக்கும் (தடத்தின் முடிவில் உள்ள தடுப்புக்கும்) நடுவில் மாட்டிக்கொண்டால் எஞ்சினும் மாட்டிக்கொள்ளும்.

பிறகு அளவோடு வரைய எக்ஸ்ட்ராக்கேட் போன்ற இலவச மென்பொருள் உதவும். ஸ்கார்ம், எனிரயில் ஆகியவையும் பலர் பயன்படுத்துபவை. ஆனால் திரையில் பொருந்துவது மேசையில் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். முழு அளவில் அச்சிட்டு ஒட்டுங்கள், அல்லது பாயின்ட் வார்ப்புருக்களை மட்டும் அச்சிட்டு, மிச்சத்தைச் சுருள் காகிதத்தில் கையால் வரையுங்கள்.

இங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் அச்சுப்பொறி. 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தேர்வு தானாக இயங்கி, 97 சதவீதத்தில் அச்சாகும். கண்ணுக்குத் தெரியாது. 120 செ.மீ. நீளத்தில் அது 3.6 செ.மீ. பொய். அச்சிட்ட முதல் தாளில் பாயின்ட்டை அளவுகோலால் அளந்த பிறகே மற்ற தாள்களை அச்சிடுங்கள்.

காகிதம் விரித்ததும் அதன் மேல் வேகன்களை நிறுத்துங்கள். வேகன் இல்லையென்றால் அதே நீளத்துக்கு வெட்டிய அட்டைத் துண்டுகள். ஃபௌலிங் மார்க்கைச் சிவப்பில் குறியுங்கள். அரைமணி நேரம் கையால் தள்ளி விளையாடுங்கள். அதன்பின் ஒரு வாரம் அப்படியே விட்டுவிடுங்கள். திட்டத்தில் ஏதாவது எரிச்சலூட்டினால் அது இந்த வாரத்தில் தெரியும், ரப்பரால் அழிக்கும் செலவில்.

வரையும்போது முழுத் தடத்தையும் பலகையின் விளிம்புக்கு இணையாக வைக்காமல் சில டிகிரி சாய்த்துப் பாருங்கள். இணையாக இருந்தால் கண் உடனே பலகையின் ஓரத்தைத்தான் பார்க்கும். சாய்ந்திருந்தால் தடம் எங்கிருந்தோ வந்து எங்கோ போகிற மாதிரி இருக்கும்.

8. மேம்பாலம் வேண்டாம்

ஒரு தடம் இன்னொன்றின் மேலே போக எச்ஓவில் சுமார் 7.5 செ.மீ. உயரம் வேண்டும். நூற்றுக்கு 2 என்ற ஏற்றத்தில் அதற்கு 375 செ.மீ. நீளம்; இறங்க இன்னொரு 375. நூற்றுக்கு 4 வைத்தால் நீளம் பாதியாகும், ஆனால் இறுக்கமான வளைவில் ஏறும்போது சின்ன எஞ்சின் மூன்று நான்கு பெட்டியிலேயே சக்கரம் வழுக்கும். உயர வித்தியாசம் பார்க்க ஆசையாக இருந்தால் தடத்தைச் சமமாக வைத்து, பக்கத்து நிலத்தைத் தாழ்த்துங்கள்.

9. மின்சாரத்தைக் காகிதத்திலேயே குறியுங்கள்

இரண்டு தண்டவாளத்தையும் இரண்டு நிறத்தில் வரையுங்கள், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். எந்த இடத்திலாவது சிவப்பு நீலத்தைத் தொட்டால் அங்கே ஷார்ட் சர்க்யூட். தடம் தன்னையே சுற்றிவந்து திரும்பிச் சேரும் லூப்பிலும், முக்கோணத்திலும் இது கட்டாயம் நடக்கும். சின்ன பலகையில் அவற்றைத் தவிர்ப்பதே மேல். நடுவில் மூன்றாவது மின்முனை உள்ள மார்க்லின் வகைத் தடத்துக்கு மட்டும் இந்தச் சிக்கல் கிடையாது.

தண்டவாளங்களை இணைக்கும் சின்னத் தகடு மின்சாரம் கடத்தும், ஆனால் எப்போதும் அல்ல. நாளடைவில் தளர்ந்து, வண்ணமும் பசையும் புகுந்து, எஞ்சின் குறிப்பிட்ட ஒரே இடத்தில் நிற்க ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடத்துண்டுக்கும் தனி வயர் சால்டர் செய்து கீழே இறக்கத் திட்டமிடுங்கள்.

பாயின்ட்டின் நடுவே தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃப்ராக் பிளாஸ்டிக்கில் இருந்தால், குட்டை எஞ்சின்கள் மெதுவாகப் போகும்போது அதன் மேல் மின்சாரம் இழந்து நின்றுவிடும். ஷண்டிங்குக்கு உலோக ஃப்ராக் உள்ள பாயின்ட் நல்லது. அதற்கு நாக்குப் பக்கத்திலிருந்து மின்சாரம் கொடுத்து, ஃப்ராக்கைத் தாண்டிய உள் தண்டவாளங்களில் பிளாஸ்டிக் இணைப்பு போட வேண்டும். இணைப்பு வரும் இடங்களைக் காகிதத்தில் குறிக்காமல் விட்டால், தடம் ஒட்டிய பிறகு ரம்பத்தால் அறுக்க வேண்டிவரும்.

ஒரே எஞ்சின் மட்டும் ஓடும் பலகைக்குச் சாதாரண டிசி கட்டுப்பாடு (தடத்துக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) போதும். இரண்டு எஞ்சின் ஒரே தடத்தில் தனித்தனியாக நகர வேண்டுமானால் டிசிசி (ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை).

10. பலகையின் சட்டமும் பாயின்ட்டும்

சட்டம் அடிக்கும் முன் முழு அளவுக் காகிதத்தைப் பிளைவுட் மேல் விரித்து, ஒவ்வொரு பாயின்ட்டின் நாக்கையும் நகர்த்தும் கட்டையின் இடத்தில் ஊசியால் குத்துங்கள். குறுக்குச் சட்டங்கள் அந்த ஊசித் துளைகளைத் தவிர்த்து வர வேண்டும். இதைச் செய்யாதவர்களுக்குப் பாயின்ட் மோட்டார் வைக்கும் இடத்தில் சரியாக ஒரு மரச்சட்டம் நிற்கும். இது விதி மாதிரி நடக்கிறது.

9 மி.மீ. பிளைவுட்டுக்குக் குறுக்குச் சட்டம் 30 முதல் 40 செ.மீ.க்கு ஒன்று போதும். எடை குறைய அடர்த்தியான நுரைப் பலகையையும் பயன்படுத்தலாம். ஆனால் அதன் கீழே மோட்டார் பொருத்தத் திருகு பிடிக்காது, பாயின்ட்டைக் கையால் தள்ளுவதாகத் திட்டமிடுங்கள்.

11. கட்டடங்களை அட்டையில் நிறுத்திப் பாருங்கள்

உயரமானவை பின்னால், தாழ்ந்தவை முன்னால். வேகனைக் குச்சியால் கழற்றும் இடங்களுக்கு முன்னால் எதுவும் வேண்டாம். பின்சுவரை ஒட்டி, முகப்பு மட்டும் உள்ள 2 செ.மீ. ஆழக் கட்டடங்கள் போதும். முழு கிடங்கு ஒன்றை வைத்தால் ஒரு சைடிங்கே போய்விடும். காலி அட்டைப்பெட்டிகளை வெட்டி நிறுத்தி, உட்கார்ந்து விளையாடும் உயரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள்.

12. இப்போது வாங்கலாம், இந்த வரிசையில்

முதலில் ஒரு எஞ்சின், இரண்டு வேகன், ஒரு பாயின்ட், ஒரு மீட்டர் தடம். இவற்றைக் காகிதத்தின் மேலேயே வைத்து ஓட்டுங்கள். எஞ்சின் பாயின்ட்டின் மேல் மிக மெதுவாகப் போய் நிற்காமல் தாண்டுகிறதா, வேகனைத் தள்ளும்போது கொக்கி விலகுகிறதா, அளந்த ஃபௌலிங் மார்க்கில் பக்கத்து வேகன் உண்மையிலேயே உரசாமல் நிற்கிறதா என்று பாருங்கள். உரசினால் காகிதத்தில் கோட்டைத் தள்ளிவரைந்து நீளத்தை மறுபடி கூட்டுங்கள். பலகைக்கு மரம் வெட்டச் சொல்வது அந்தக் கூட்டல் முடிந்த பிறகு.